நான் அந்தரத்தில் தொங்கிய படம் பற்றிய விளக்கம்

டிக்கோயா,
வெள்ளிக்கிழமை

என் பிரியமுள்ள தம்பி விஜிதரனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீங்கள் எல்லோரும் சுகமா என்று முதலில் கேட்பதுதான் முறை. ஆனால் நேற்றுத் தொலைபேசியில் நீ சிரித்த சிரிப்பை நான் காதாரக் கேட்டேன். பின்னால் நின்று உன் வீட்டுக்காரி கேதீஸ்வரி சிரித்ததையும் கேட்டேன். அப்படிச் சிரிக்க முடிந்தவர்களுக்கு நெஞ்சிலோ நுரையீரலிலோ ஒரு குறையும் இருக்க முடியாது. ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். இங்கே நானும் சுகம். இரண்டு தொடைகளிலும் பட்டி அழுத்திய தடம் இருக்கிறது, அது ஆறிவிடும்.

யாரோ பிடித்து உங்கள் தொலைபேசிவரை வந்து சேர்ந்த படத்தில் அந்தரத்தில் தொங்குவது நான்தான். மறுக்கவில்லை. மறுத்தாலும் சாரி காட்டிக்கொடுத்துவிடும், தீபாவளிக்குக் கேதீஸ்வரி அனுப்பிய அதே மாம்பழ நிறம். ஆனால் "அக்கா, ஒங்கள நிறுத்துப் பாத்தாங்களா? எத்தன கிலோ கொழுந்து?" என்று தேயிலைச் சாக்கை நிறுப்பது போலக் கேட்டாயே, ஒரு தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மனைவியை, உன் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவளை, அப்படிக் கேட்கலாமா? பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதும்க்கா, அங்க தனியா இருந்தது போதும், எங்க வெள்ளவத்தை வீட்டுக்கு வந்துருங்க, வான் வண்டி அனுப்புறேன்" என்றாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் படத்துக்கு விளக்கம் சொல்லாமல் பதிலுக்குப் போவது எனக்கு முறையாகப் படவில்லை.

நீ வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். யாராவது கடன் கேட்டு வந்தால், அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேரைப் பிணைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பாய். என்னிடமே ஒருமுறை சொன்னாய். இந்தப் படத்துக்குப் பின்னாலும் ஒரு வங்கி உண்டு, ஆனால் அது வேறு மாதிரி வங்கி. ஐரோப்பாவில் ஒரு நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமான அபிவிருத்தி வங்கி. அதற்கு ஹட்டனில் கிளை கிடையாது, கவுண்டர் கிடையாது, வாசலில் துப்பாக்கியோடு காவற்காரன் கிடையாது. அது எங்கேயோ இருந்துகொண்டு பிறத்தியார் நாட்டுப் பிள்ளைகள் தொழில் பழகக் காசு கொடுக்கிறது. நம்முடைய தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும், கூரை இறங்கி உள்ளே ஆடு கட்டியிருந்தார்கள். அதற்குப் புதுக் கூரை போட்டு, வெள்ளையடித்து, கட்டில்களும் மெஷின்களும் இறக்கி, வயதானவர்களைப் பராமரிக்கும் பயிற்சி நிலையம் ஆக்கியிருக்கிறார்கள். தேறுகிற பிள்ளைகள் கொழும்பில் அந்த நாட்டுப் பாஷை படித்து, பிறகு அங்கேயே போய்ப் படித்துக்கொண்டே வேலை செய்யலாம். அங்கே வயதானவர்கள் அதிகமாம், பார்க்க ஆள் இல்லையாம். ஆட்டுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த நிலையத்திலிருந்து துஷாந்த் என்று ஓர் உத்தியோகத்தர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார், கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். ஆகவே நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். "அம்மா, நீங்க இல்லாட்டி இந்தக் கோர்ஸே இல்லங்க. எல்லாரும் ஒங்களச் சுத்தித்தான் நிப்பாங்க" என்றார். நீயே சொல், இதைக் கேட்டால் மரியாதை தெரிந்த ஒரு பெண்ணுக்கு என்ன தோன்றும்? தலைமை தாங்க அழைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கல்வியின் பயன் பற்றிப் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் ஓர் உரை தயாரித்தேன். கொன்வென்ட்டில் சிஸ்டர் பிலோமினா பழக்கியபடி, மூச்சு விட வேண்டிய இடங்களைக்கூட முடிவுசெய்து வைத்தேன். பட்டு உடுத்திக்கொண்டு போய் இறங்கினால் குத்துவிளக்கைக் காணவில்லை, மாலையைக் காணவில்லை, மேடையைக் காணவில்லை. பயிற்சி கொடுக்கும் முனீரா மிஸ், ஹட்டன் டவுன்காரி, சவூதியில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு வந்தவர், என் முழங்கையைப் பக்குவமாகப் பிடித்து ஒரு கட்டிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "ஏறிப் படுங்கம்மா" என்றார். நான் பேச வந்திருக்கிறேன் என்றேன். "படுத்துக்கிட்டே பேசுங்க. நோயாளி பேசினாத்தான் புள்ளைகளுக்குப் பழக்கம் வரும்" என்றார்.

நான் அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் முனீரா மிஸ் ஒரு விஷயம் சொன்னார். தோட்டம் முழுவதும் கேட்டுப் பார்த்தாராம், ஒரு கிழவரோ கிழவியோ கட்டிலில் படுக்கச் சம்மதிக்கவில்லையாம். சுகமாக இருக்கிற உடம்பை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தினால் கட்டில் அதைத் திருப்பித் தராது என்பது தொழிலாளர் லயங்களில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு பெரியவர் சரி என்று வந்து, உட்கார்ந்து, தலையணையைக் கண்டதும் எழுந்து ஓடிவிட்டாராம். "பஞ்சு பொம்மைய வச்சு எவ்வளவு நாளைக்கிங்கம்மா பழக்குறது? பொம்மைக்கு வலிக்காது, பொம்மை ஏசாது" என்றார். நான் கொன்வென்ட்டில் படித்தவள், எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது. ஏறிப் படுத்தேன். மறுநாள் முதல் தலையணைக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டேன். அது வாசனைக்கு.

அதன் பிறகு நான் பட்டதை எழுதினால் கடிதம் கனத்துவிடும். என்னைக் கல்லில் ரொட்டியைப் புரட்டுவது போல இடமும் வலமும் புரட்டினார்கள். எனக்கு இல்லாத புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், நன்றாக நடக்கிற என்னை நடக்கப் பழக்கினார்கள். சூப்பை ஊதாமல் ஊட்டியவளுக்கு ஊதக் கற்றுக்கொடுத்தேன், அடுத்த நாள் ஊதி ஊதி என் கண்ணாடி முழுவதும் தெளித்துவிட்டாள். கட்டில் விரிப்பின் மூலையை எப்படி மடிப்பது என்று சிஸ்டர் பிலோமினா அடித்துப் பழக்கியதை நான் அடிக்காமல் பழக்கப் பார்த்தேன். முனீரா மிஸ் என்னைத் தனியாக அழைத்து, "அம்மா, நீங்க மயக்கத்துல இருக்கிற நோயாளி. மயக்கத்துல இருக்கிறவங்க விரிப்பப் பத்திப் பேசமாட்டாங்க" என்றார். கினிகத்தேனையிலிருந்தும் வலப்பனையிலிருந்தும் வருகிற பெண்கள் முதல் நாளே என்னை ஆச்சி என்று கூப்பிட்டு, கட்டிலோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு நான் யாரோ ஒரு கிழவி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முனீரா மிஸ் அவர்களைத்தான் மெச்சினார். ஏனென்றால் அதுதான் பாடமாம். கதிரையில் உட்கார வேண்டும், கண்ணுக்குக் கண் நேராக இருக்க வேண்டும், கையைத் தொட வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும். "நின்னுக்கிட்டுப் பேசினா பொலிஸ்காரன் விசாரிக்கிற மாதிரி இருக்கும், சுகமில்லாதவங்க பயந்துருவாங்க" என்பார்.

உட்காராதவள் ஒருத்திதான். கிருஷாந்தி. நம்முடைய தோட்டத்துப் பெண். கொழுந்தெடுக்கிற பாக்கியத்தின் மகள். நாங்கள் குவாட்டர்ஸில் இருந்த காலத்தில் பாக்கியம் பின்வாசலால் வந்து விறகு போட்டுவிட்டுப் போவாள், இந்தப் பெண்ணும் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கூட வரும். அந்த வீட்டில் நான் யாரையும் நில் என்று சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை. அப்படி ஒரு பேச்சே அந்த வீட்டில் எழுந்ததில்லை. கிருஷாந்தி எல்லாப் பாடத்திலும் முதல். அவள் புரட்டினால் புரண்டது தெரியாது, அவள் ஊட்டினால் ஒரு சொட்டு சிந்தாது. ஆனால் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் கையைக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். உட்கார் என்றேன். "இருக்கட்டுங்கம்மா" என்றாள். உட்கார் என்று அழுத்திச் சொன்னேன். இன்னும் நேராக நின்றாள். நான் கோபமாக உட்கார் என்றதும் தரையில் குந்திவிட்டாள். நான் படுத்திருந்த இடத்திலிருந்து அவளுடைய தலைவகிடு மட்டும் தெரிந்தது. கதிரையைக் கையில் கொடுத்தால் அதைத் துடைத்து எனக்கே போட்டாள். முனீரா மிஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார். "இது ஒண்ணுல தவறினாலும் சேர்ட்டிபிக்கட் இல்லம்மா. கொழும்பிலிருந்து வர்ற பரீட்சகர் முதல்ல பாக்கிறதே இதத்தான். வேற ஆள் கெடச்சா ஒங்கள மாத்திப் போட்டுருவேன், யாரு படுக்கிறா?" என்றார்.

விஜிதரா, இந்தப் பிள்ளைதான் என்னை முறையாக மதித்தவள். அதனாலேயே அவள் தவறப் போகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? பாக்கியத்துக்கு முழங்கால் போய்விட்டது. மலையில் ஏற முடியாது, இருந்தும் ஏறுகிறாள், மகள் ஒரு வழியாகிவிட்டால் இறங்கிவிடலாம் என்று.

இந்தச் செவ்வாய்க்கிழமை பரீட்சை. அன்றைக்கே பார்த்து அந்த வங்கியிலிருந்தும் ஓர் அம்மா வந்தார். கொடுத்த காசு என்னவாயிற்று என்று பார்த்துவிட்டு, அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா என்று அவர் போய்ச் சொல்ல வேண்டுமாம். நல்ல உயரம். மழையில் நனைந்த சப்பாத்தை யாரும் சொல்லாமலே வாசலில் கழற்றினார். பரீட்சகர் ஒரு சிங்கள ஐயா, தமிழ் நன்றாகப் பேசினார். முதலில் விருந்தாளிக்கு மெஷினைக் காட்டலாம் என்று துஷாந்த் முடிவெடுத்தார். வங்கியின் காசில் வந்த மெஷின், எழும்ப முடியாதவர்களைத் துணித் தொட்டிலில் வைத்துக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இறக்கும். என்னைத் தொட்டிலில் வைத்துப் பட்டிகளை மாட்டிப் பொத்தானை அமர்த்தினார்கள். நான் மெல்ல எழுந்தேன். மேலே போய், இனி இறக்க வேண்டியதுதான் என்கிற நேரம் பார்த்துத் தோட்டத்தில் எங்கேயோ ஒரு சவுக்கு மரம் லைன் கம்பியில் விழ, கரண்ட் போய்விட்டது. மெஷினுக்குள் பெட்டரி ஒன்று உண்டாம். அதைச் சார்ஜ் பண்ண வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று விட்டிருக்கிறார்கள். அவசரத்துக்குத் திருக ஒரு பிடியும் இருக்கிறதாம், அதற்கான விளக்கம் அந்த நாட்டுப் பாஷையில் ஒட்டியிருந்தது. துஷாந்த் ஏதோ ஒரு பிடியைக் கண்டுபிடித்துத் திருகினார். அது கட்டிலின் பிடி. கட்டில் கீழே போயிற்று. எனக்கும் பூமிக்கும் இருந்த தூரம் கூடிற்று. "யா அல்லாஹ், கட்டிலத் தூக்கச் சொன்னேனே!" என்று முனீரா மிஸ் கத்த, அவர் பதறி இன்னும் வேகமாகத் திருகினார்.

அந்த வங்கி அம்மா பக்கத்தில் வந்து, உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சிரமம் ஒன்றுமில்லை, நன்றி, இங்கிருந்து மலை நன்றாகத் தெரிகிறது என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். பேச்சு வந்துவிட்டதால், மனதில் கிடந்த சந்தேகத்தையும் கேட்டுவிடலாம் என்று, இவ்வளவு காசு கொடுக்கிறீர்களே, பிணை யார் என்று கேட்டேன். அப்படித் தனியாக ஒருவரும் இல்லை, இது எங்கள் ஜனங்களின் காசு, என்னவாயிற்று என்று அவர்கள் கேட்பார்கள், அதனால் நான் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றார். அப்படியானால் இப்போதைக்குப் பிணை நிற்பது நான்தான், நிற்கவும் இல்லை, தொங்குகிறேன் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பட்டி தொடையை இறுக்கிக் கால் இரண்டும் மரத்துக்கொண்டு வந்தன. தொட்டில் மெல்லச் சுற்றத் தொடங்கியது. பயந்தேன் என்று எழுத மாட்டேன். தைரியத்துக்காக, தயாரித்து வைத்திருந்து பேசக் கிடைக்காமல் போன உரையின் முதல் வரியை வாய்விட்டுச் சொன்னேன்: "மதிப்புக்குரிய அவையோர்களே!"

அவ்வளவுதான். "ஐயோ, அம்மாவுக்குப் பேச்சு மாறுது!" என்று ஒரு குரல். சுவரோடு நின்ற கிருஷாந்தி ஒரே தாவில் கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையணைகளை மடியில் அடுக்கி, என் கால் இரண்டையும் அவற்றின்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். பட்டி தளர்ந்தது. உயிர் வந்தது. "ஆடாதீங்க! ஆடினா சுத்தும்னு தெரியாதா? காலப் பாருங்க, ஐஸ் மாதிரி. இங்க பாருங்க, என் கண்ணப் பாருங்க. ஒங்க பேரு என்னங்க?" என்றாள். மயக்கம் வருகிறவர்களைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பாடம். கிளாக்கரம்மா என்றேன். "அது ஐயாவோட வேலங்க. ஒங்க பேரு?" என்றாள்.

நாகலெட்சுமி என்றேன். அந்தப் பெயரைத் தபாற்காரர்கூட முழுதாகச் சொல்வதில்லை.

"நாகலெட்சுமியம்மா, இன்னைக்கு என்ன கெழம?" செவ்வாய் என்றேன். "இப்ப எங்க இருக்கீங்க?" அது உனக்கே தெரியும், இதில் என்ன கேள்வி என்று எரிந்து விழுந்தேன். "ஆ, சரியாயிட்டாங்க!" என்று எல்லோருக்கும் அறிவித்தாள். இந்த அமளியில் எலுமிச்சம்பழம் உருண்டு வங்கி அம்மாவின் காலடிக்குப் போய்விட்டது. அவர் அதை எடுத்து, இது எதற்கு என்று கேட்டார். துஷாந்த் இது இயற்கையான அறை வாசனை என்றார். அவர் மிகவும் நல்ல யோசனை என்று குறித்துக்கொண்டார். படம் எடுத்ததும் அந்த நேரத்தில்தான். படத்தில் என்னை மட்டும் பார்த்துச் சிரித்தீர்களே, கீழே என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவளைப் பார்த்தீர்களா?

கரண்ட் வந்தது. மெஷின் என்னைப் பத்திரமாக அவளுடைய மடியிலேயே இறக்கிற்று. நான் மடியில் இருப்பதைக் கண்டதும் அவளுக்குத் தான் யார், நான் யார் என்பது ஞாபகம் வந்துவிட்டது. துள்ளிக் குதித்து இறங்கிப் பழையபடி சுவரோடு நின்றாள். பரீட்சகர், "சரி, இனிப் பரீட்சையைத் தொடங்குவோம்" என்றார். முனீரா மிஸ், இவ்வளவு நேரம் நடந்தது பரீட்சை இல்லையா என்றார். "மிஸ், அது விபத்து. விபத்துக்குப் புள்ளி போட எனக்கு இடம் இல்லை" என்றார் அவர். நியாயமான மனிதர், எனக்கு அவரைப் பிடித்தது, அந்த நிமிடத்தில் அவரைக் கடித்துத் துப்பவும் தோன்றியது.

கிருஷாந்தியின் முறை வந்தது. கதிரை பக்கத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைக் கட்டினாள். பரீட்சகர் பேனாவைத் திறந்தார். வாசலில் மழைக்கு ஒதுங்கினவள் போலப் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் இன்னும் கொழுந்தெடுக்கும்போது கட்டுகிற படங்குச் சாக்கு. உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை நாளாக அதைத்தான் சொன்னேன், ஒருநாளும் பலித்ததில்லை. உனக்குத் தெரியும், நான் யாரிடமும் எதுவும் கேட்கிற பழக்கம் இல்லாதவள். உன் அத்தானிடமே கேட்டதில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை, "புள்ள, எனக்குக் கால் குளிருது. கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?" என்றேன்.

அவள் உட்கார்ந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு, என் கண்ணுக்கு நேராக, காலை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "எப்பிடி இருக்கீங்க, நாகலெட்சுமியம்மா?" என்றாள். பரீட்சகர் எழுதினார். முனீரா மிஸ் மூக்கைச் சிந்தினார். கொன்வென்ட்டில் படித்தவள் பரீட்சை மண்டபத்தில் பொய் சொல்லலாமா என்று நீ கேட்பாய். பொய் இல்லை. ஆடி மாதத்து மழையில் டிக்கோயாவில் யாருக்குத்தான் கால் குளிராது?

முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் என் தீர்மானம் இதுதான்: எனக்கு இந்தக் கூத்துப் போதும். என் வயதில் ஒரு பெண் தொங்கக் கூடாது, தொங்கினாலும் படம் பிடிக்க விடக் கூடாது. நீ சொன்னபடி, இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானை அனுப்பு. சாமி படங்களையும் பீங்கான்களையும் கட்டி வைத்துவிட்டேன். ரோஜாத் தொட்டிகளைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாயிற்று. கேதீஸ்வரியிடம் எனக்கு யன்னலோர அறை வேண்டும் என்று சொல். சம்பலில் எனக்காக உறைப்பைக் குறைக்கச் சொல். நான் உயிரோடு வந்து சேர வேண்டுமல்லவா. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டாதே. காட்டியிருந்தால், கீழே இருக்கிற பெண்ணையும் சேர்த்துக் காட்டு. நீங்கள் எல்லோரும் நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமுமாக, விழுகிற மரத்துக்கெல்லாம் எட்டாத தூரத்தில், நெடுநாள் இருக்க வேண்டும் என்று வேண்டுகிற

உன் அக்கா,
நாகலெட்சுமி

பி.கு. சனிக்கிழமை காலை. வானை அனுப்பாதே. கிருஷாந்தி தேறிவிட்டாள், எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். முனீரா மிஸ் நேற்று மாலை வந்து சொன்னார். வங்கியும் அடுத்த தொகுதிக்குச் சம்மதித்துவிட்டதாம், அதற்கும் படுக்க வேறு ஆள் இல்லையாம். நான் மூன்று நிபந்தனை போட்டேன்: பெட்டரியைச் சார்ஜ் பண்ண வேண்டும், கட்டில் யன்னலோரம் இருக்க வேண்டும், சேர்ட்டிபிக்கட் கொடுக்கிற அன்றைக்கு என் உரையை நான் நின்றுகொண்டு முழுதாகப் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டார்கள். பீங்கானை அவிழ்த்துவிட்டேன், தேநீர் கொடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் கிருஷாந்தியும் பாக்கியமும் வந்திருக்கிறார்கள். முன்வாசலால்தான் வந்தார்கள். டவுனுக்குப் போகிறார்கள், இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிடுவார்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். மகள் ஹோலில் கதிரையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடுகிறாள். தாய் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறாள். மூன்று தடவை உட்கார் என்று சொல்லிவிட்டேன், "இருக்கட்டுங்கம்மா" என்கிறாள். இதை ஒட்டிவிட்டுப் போய், எனக்குக் கால் குளிருது என்று சொல்லிப் பார்க்கப் போகிறேன்.